பாம்பன், மண்டபம் பக்கம் நாலு நாள்: தூண்டில் போட இடம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பவானிக்கரை (ஜனவரி 4, இரவு 9:40)

எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த மாசக் கடைசியில அப்பாவைக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் போறேன். நாலு நாள் தங்கல். சாமி கும்பிடறது ஒரு நாள்ல முடிஞ்சிரும், மீதி மூணு நாளும் தூண்டில் போடணும்னு அப்பாவுக்கு ஆசை. அவருக்கு 68 வயசாச்சு. காவிரியிலயும் காளிங்கராயன் வாய்க்கால்லயும் சின்ன வயசுல இருந்தே மீன் பிடிக்கிறவர். எனக்குத் தூண்டில் முள் கட்டக் கத்துக் கொடுத்ததும் அவருதான். ஆனா கடல்ல ஒரு தடவை கூடப் போட்டதில்லை. முழங்கால் வலி இருக்கறதால பாறை மேல ஏற முடியாது, மணல்லயும் ரொம்ப தூரம் நடக்க மாட்டாரு.

போன வருசம் நான் மட்டும் வேற ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருந்தேன். வீடியோவுல பார்த்த இடம்னு நம்பி விடிஞ்சதும் போய் வீசிட்டேன். அது கரைவலை இழுக்கற இடம்னு எனக்குத் தெரியலை. என் ஈயமும் முள்ளும் அவங்க வலையில சிக்கிருச்சு. வலையைப் பிடிச்சு இழுத்த ஒருத்தருக்கு விரல்ல முள் ஏறிருச்சு. மன்னிப்புக் கேட்டேன், மருந்துச் செலவும் கொடுத்தேன், ஆனாலும் மனசு கேக்கலை. அப்பாவோட போறப்ப அப்படி ஒண்ணு நடக்கவே கூடாது.

எங்கிட்ட ஏழு அடி ராடு, 3000 ரீல், 20 பவுண்டு நரம்பு இருக்கு. அப்பாவுக்கு மூங்கில் தூண்டில்தான் கைப்பழக்கம்.

தெரியாத ஊர்ல இறங்கினா நீங்கள்லாம் முதல்ல என்ன பண்ணுவீங்க? அந்தப் பக்கத்து ஆளுங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க.

தெற்குவாடி (ஜனவரி 4, இரவு 11:15)

வாங்க தம்பி. நான் பாம்பன். எங்க அய்யா நாட்டுப்படகு, நானும் பதினஞ்சு வருசம் போனேன், இப்ப கரையில வேலை.

முதல் நாள் ராடை அறையிலேயே வச்சிட்டு வாங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

எங்க ஊருக்கு ரெண்டு கடல். பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணை, அதை வடகடல்னு சொல்லுவோம். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். தனுஷ்கோடிப் பக்கம் பெண்கடல், ஆண்கடல்னு சொல்லுவாங்க. நீங்க வர்றது வாடைக்காத்து அடிக்கிற காலம். வடகடல் கலங்கிப் போய் அலை அடிச்சிட்டு இருக்கும். அதே நாள்ல தென்கடல் கரைக்குக் காத்து மறைவு, கண்மாய் மாதிரி கிடக்கும். காத்து முதுகுப் பக்கம் இருக்கிறதால வீசுறதும் தூரம் போகும். வைகாசியில இருந்து கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து அடிக்கும்போது அப்படியே மாறிடும், தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் படுத்துடும். அதனால எவனாவது "ராமேஸ்வரத்துல சூப்பர் இடம்"னு சொன்னா, எந்த மாசத்துல பிடிச்சேன்னு கேளுங்க. ஆடியில மீன் பட்ட இடத்துல தையில கலங்கல் தண்ணிதான் இருக்கும்.

ரெண்டாவது, விடியக்காலம் நாட்டுப்படகு கரை பிடிக்கிற இடத்துக்குப் போய் நில்லுங்க. வலை மீனும் தூண்டில் மீனும் பாத்தாலே தெரியும். வலையில பட்டதுக்கு உடம்புல கண்ணித் தடம் இருக்கும், செதில் கலைஞ்சிருக்கும். தூண்டில்ல பட்டதுக்கு உடம்பு சுத்தமா இருக்கும், வாயோரம் மட்டும் கிழிஞ்சிருக்கும். அந்த மீனைக் கொண்டு வந்த ஆளைப் பாத்துப் பேசுங்க. மீன் அறுக்கிற அக்காமார் பக்கத்துலயும் கொஞ்ச நேரம் நில்லுங்க. குடல்ல இறால் இருக்கா, சூடை இருக்கா, நண்டு இருக்கான்னு பாத்துட்டா அன்னைக்கு எந்த இரையைக் கட்டணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

இங்க வாரத்துல மூணு நாள் விசைப்படகு போகும், மத்த நாள் நாட்டுப்படகு. ஞாயித்துக்கிழமை பூசை, எங்க ஆளுங்க பெரும்பாலும் கடலுக்குப் போறதில்லை. அன்னைக்கு வந்து பாத்துட்டு ஒண்ணுமே இல்லைன்னு திரும்பிடாதீங்க.

கேக்குற விதமும் இருக்கு. "எங்க மீன் கிடைக்கும்"னு கேட்டா "கடல்ல கிடைக்கும்"னுதான் பதில் வரும். "அண்ணே, இந்தக் காத்துக்கு இங்க கரையில நின்னு போடலாமா, வலை ஏதும் வருமா?"ன்னு கேளுங்க. வலையைப் பத்தி முதல்லயே கேக்குற வெளியூர்க்காரனை எங்க ஆளுங்களுக்குப் பிடிக்கும். போன வருசம் உங்களுக்கு நடந்தது இந்த ஒரு கேள்வியிலேயே நின்னிருக்கும்.

வானத்துப்பார்வை (ஜனவரி 5, காலை 7:30)

தெற்குவாடி அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கூகுள் எர்த்தில் அந்தக் கரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். பழைய தேதிப் படங்களையும் அதில் பார்க்கலாம். ஒரே இடத்தின் ஐந்தாறு வருடப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் மணல்திட்டு எங்கே நகர்கிறது, எந்த வாய்க்கால் எப்போதும் திறந்தே இருக்கிறது என்பது புரியும். கடலில் சிறு ஓடை சேரும் இடம், கரை வளைந்து உள்வாங்கும் இடம், வெளிர் நிறம் சட்டென்று கருநீலமாகும் இடம், இவற்றைக் குறித்துக்கொள்வேன்.

இதில் நானே ஏமாந்த ஒரு விஷயம் உண்டு. மண்டபம் பக்கம் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஆழம் இல்லை. பாக் நீரிணையில் கடல்தாழை என்னும் கடற்புல் மண்டிக் கிடக்கிறது. வானத்திலிருந்து பார்த்தால் தாழைப் பரப்பும் ஆழமான பள்ளமும் ஒரே நிறம். ஆழம் என்று நினைத்துப் போய் நின்றால் தண்ணீர் இடுப்பளவு, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கொத்துத் தாழை வரும். படம் பார்த்துக் குறித்த இடத்தை நேரில் வற்றத்தில் (கடல் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில்) ஒருமுறை நடந்து பார்க்காமல் நம்பக்கூடாது.

அந்தப் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் கூட வித்தியாசம் வராது. ஆனால் கரை தட்டையானது என்பதால் தண்ணீர் பின்வாங்கும்போது நிறைய தூரம் தரை தெரியும். எங்கே பள்ளம், எங்கே கல், எங்கே நண்டு வளை என்று செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஏற்றம் தொடங்கும்போது அதே இடத்துக்கு வாருங்கள்.

நெல்லை_விரால் (ஜனவரி 5, காலை 10:05)

எல்லாம் சரி. ஆனா அவரு நாலு நாளுக்கு வாராரு, கூட வயசான அப்பா வேற. முதல் நாள் ராடு வேண்டாம், ரெண்டாவது நாள் குடலைப் பாரு, மூணாவது நாள் வத்தத்துல நடன்னா எப்பம் மீன் பிடிக்கது? தெற்குவாடி அண்ணாச்சிக்கு இடம் தெரியும்லா. மேப்புல ஒரு பின் போட்டு அனுப்பினா சோலி முடிஞ்சுது. இந்த மாதிரி இழையில எப்பவும் இதான் நடக்கு. தெரிஞ்சவங்க யாரும் இடத்தைச் சொல்லதில்லை, தத்துவம் சொல்லுதாங்க.

தெற்குவாடி (ஜனவரி 5, மதியம் 1:20)

தம்பி, கோவிச்சுக்காம கேளுங்க. எங்க பக்கத்துல ஒரு சின்னக் கல்லுக்கரை இருந்துச்சு. சாயங்காலம் நாலஞ்சு பெரியவங்க உக்காந்து கைத்தூண்டில் போடுவாங்க. கொடுவா, செப்பிலி, கலவா எல்லாம் படும். ஒருத்தர் வீடியோ போட்டாரு, கூடவே பின்னும் போட்டாரு. ரெண்டே மாசம். சனி ஞாயிறு ஆனா முப்பது ராடு நிக்குது. அறுந்த நரம்பு கல்லுக்குக் கல்லு தொங்குது. அது எங்க வள்ளத்து விசிறியில சுத்தி ரெண்டு தடவை கடல்ல நின்னு போச்சு. ஒரு ஆமை கழுத்துல தங்கூஸ் (நைலான் நரம்பு) சுத்திக் கரை ஒதுங்கிக் கிடந்ததை நானே அறுத்து விட்டேன், பிழைச்சுதா தெரியலை. கடைசியில ஊர்க் கூட்டம் போட்டு வெளியாள் யாரும் வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுல போனது யாரு? அந்த நாலஞ்சு பெரியவங்களும்தான். அவங்க உக்காந்த இடத்துல இப்ப வேலி.

நேர்ல வாங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். எழுத்துல போட மாட்டேன்.

நெல்லை_விரால் (ஜனவரி 5, மதியம் 2:45)

ஆமை விஷயம் கேட்டதும் மனசு சங்கடமாத்தான் இருக்கு அண்ணாச்சி. அது எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒண்ணு சொல்லுதேன். இடம் தெரியாமத்தான் அவரு போன வருசம் கரைவலைக்குள்ள வீசினாரு. யாராவது சரியான இடத்தைச் சொல்லிருந்தா அந்த மனுசன் விரலு தப்பிச்சிருக்கும். மறைச்சு வச்சாலும் கேடு வருதுல்லா?

வைகைக்கரை (ஜனவரி 5, மாலை 6:10)

ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எனக்குத் தோணுறது இதுதான்: எங்க போடலாம்ங்கிறதை நேர்ல சொல்லுங்க, எங்க போடக்கூடாதுங்கிறதை இங்கயே ஊரறியச் சொல்லுங்க. வெளியூர்க்காரனுக்கு ரெண்டாவதுதான் அவசரம்.

எங்க பக்கத்தையே எடுத்துக்கங்க. மதுரையில இருந்து ராம்நாடு போற வழி நெடுக கண்மாய். தண்ணி கெத்துக்கெத்துன்னு நிக்கும், விரால் துள்ளும், கை அரிக்கும். ஆனா பாதிக் கண்மாய்க்கு மேல மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, ஏலம் போயிருக்கும். குஞ்சு விட்டவன் காசு போட்டவன். அதுல தூண்டில் போட்டா சட்டப்படியும் தப்பு, ஊர் வழக்கப்படியும் தப்பு. மடைக்குப் பக்கத்துல ஆடு மேய்க்கிறவரைக் கேட்டாலே "இது குத்தகை, அது சும்மா கிடக்கு"ன்னு சொல்லிப்புடுவாரு. கோடையில தண்ணி வத்தினதும் மீன்பிடித் திருவிழா நடத்துற ஊருகளும் இருக்கு. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுற வரைக்கும் ஒருத்தன் தண்ணியில கால் வைக்க மாட்டான். அந்தக் கண்மாயில வருசம் பூரா யாரும் தொடாம வச்சிருப்பாங்க. நாம போய் ஒரு கெண்டையைப் பிடிச்சாலும் சண்டைதான்.

அணைக்கட்டுன்னா மீன்வளத்துறைக்காரங்களையோ மீன் வளர்ச்சிக் கழகத்து ஆளுகளையோ கேக்கணும். புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிற ஆறு, கோயில் முன்னாடி பொரி போடுற துறை ரெண்டுலயும் தூண்டிலை வெளிய எடுக்கவே வேணாம். பாபநாசத்துல படித்துறையில மீன் காலைக் கடிக்கும், அவ்வளவு கிடக்கும். அதெல்லாம் சாமி மீனு.

தெற்குவாடி (ஜனவரி 5, இரவு 8:30)

வைகைக்கரை அண்ணன் சொன்னது எனக்குச் சம்மதம். எங்க பக்கம் எங்க கூடாதுன்னு எழுதிடுறேன்.

தென்கடல்ல தெரியுற தீவுகளுக்குப் போகக் கூடாது. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986-ல இருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா. "படகுல கூட்டிட்டுப் போய் பார்ல (கடலடிப் பாறைத்திட்டுல) நிறுத்துறேன்"னு யாராவது காசு கேட்டா போகாதீங்க. வனத்துறை பிடிச்சா படகுக்காரனோட சேத்து நீங்களும் மாட்டுவீங்க. ரோட்டுப் பாலத்துல வண்டியை நிறுத்திட்டுத் தூண்டில் போடாதீங்க, பஸ் போற வேகத்துக்கு ஆள் தாங்காது. ரயில் பாலத்துப் பக்கம் காவல் இருக்கும். பாலத்துக்கு அடியில கால்வாயில நீரோட்டம் ரொம்பக் கடுமை, வாடையில வடக்கே இருந்து தெற்கே இழுக்கும், கச்சான்ல தெற்கே இருந்து வடக்கே. அங்க கால் வச்சவனைத் திரும்பப் பாக்குறது கஷ்டம். அக்னி தீர்த்தம் சனங்க முழுகுற இடம், அங்க முள் கிடந்தா என்ன ஆகும்னு யோசிங்க. தனுஷ்கோடி அரிச்சல்முனையில ரெண்டு கடலும் முட்டுது, மணலே காலடியில நகரும். சாயங்காலம் சோதனைச்சாவடியை மூடிடுவாங்க, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிடணும்.

ஆதார் அட்டை கையில இருக்கட்டும். இது எல்லைக் கடல். விடியக்காலம் தனியா நிக்கிற புது முகத்தை விசாரிக்கத்தான் செய்வாங்க. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்து எண் 1093, போன்ல போட்டு வச்சுக்கங்க.

கடல் அட்டை, கடல் குதிரை எது கையில வந்தாலும் உடனே தண்ணியில விட்டுடுங்க. நெகிழிப் பையில போட்டு ஊருக்குக் கொண்டு போய்ப் பிள்ளைங்களுக்குக் காட்டலாம்னு நினைச்சீங்கன்னா ஜெயில்தான்.

இன்னொண்ணு. உங்க தேதியில தை அமாவாசை வருதான்னு காலண்டர்ல பாருங்க. வந்தா அறையும் கிடைக்காது, ரோட்டுல நடக்கவும் முடியாது.

காசிமேட்டு_ரவி (ஜனவரி 6, காலை 8:00)

மீன் பேரு ஒண்ணு பாத்துக்கங்க நண்பரே. எங்க ஊர்ல சீலான்னா நீட்டு மூக்கு, பல்லு வச்ச மீனு. அங்க போய் "சீலா கிடைக்குமா"ன்னு கேட்டேன், கடலுக்குள்ள எட்டு பாகம் ஆழத்துக்குப் போனாத்தான்னு சொன்னாங்க. அப்புறம்தான் புரிஞ்சுது, அவங்க சீலான்னு சொல்றது நம்ம வஞ்சிரம். நம்ம சீலாவுக்கு அங்க ஊளி. கரையில இருந்து லூர் (செயற்கை இரை) போட்டா படறது ஊளிதான். இந்த ஒரு பேரு தெரியாம நான் ரெண்டு நாளை விட்டேன்.

குமரி_பாறைக்கால் (ஜனவரி 6, காலை 11:25)

நான் கன்னியாகுமரி மாவட்டம், மேற்குக் கரை. பவானிக்கரை நண்பருக்கு அப்பாவோட முழங்கால் விஷயம் இருப்பதால் சொல்கிறேன்: தூண்டில் வளைவு என்று நாங்கள் சொல்லும் கல் தடுப்புகளில் அவரை ஏற்றாதீர்கள். மீன் அங்கேதான் நிறைய நிற்கும், எனக்கும் அதில்தான் ஆசை. ஆனால் பாசி பிடித்த கல்லில் இளைஞர்களே வழுக்குகிறார்கள்.

கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கோ தெற்குப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து கரையில் ஏறும். 2024 மே மாதம் எங்கள் மாவட்டத்தில் அந்த எச்சரிக்கை இருந்த நாளில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். அன்று கடலைப் பார்த்தவர்களுக்கு அது ஆபத்தான கடலாகத் தெரியவில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கெல்லாம் முன்னறிவிப்புத் தருகிறது. காலையில் டீ குடிக்கும் முன் அதைப் பார்ப்பது என் வழக்கம். நீங்கள் போகும் இடம் உள்வாங்கிய கடல், எங்கள் ஊர் அளவுக்கு அலை இருக்காது. ஆனாலும் பார்த்துவிட்டுப் போங்கள்.

இடம் கண்டுபிடிப்பது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பெரியவர்கள் ஆழ்கடலில் பாரைக் கண்டுபிடிக்கக் கணியம் பார்ப்பார்கள். கரையில் தெரியும் ஒரு மலை முகட்டையும் ஒரு கோவில் கோபுரத்தையும் ஒரே நேராகப் பிடித்து, இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடியைப் பிடித்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நங்கூரக் கல்லைப் போடுவார்கள். கரையில் நிற்பவருக்கும் இது உதவும். ஒரு மீன் பட்டதும் பின்னால் திரும்பிப் பாருங்கள். எந்தப் பனை, எந்த மின்கம்பம் நேராக இருக்கிறது என்று மனதில் வையுங்கள். மறுநாள் அதே மணல் கரையில் அந்த இடத்தை வேறு எப்படியும் கண்டுபிடிக்க முடியாது.

மன்னார்_ஸ்காபரோ (ஜனவரி 7, அதிகாலை 4:50)

நான் இலங்கையிலை மன்னாரிலை பிறந்து வளந்தனான். இப்ப இருபது வருசமா கனடாவிலை, ஸ்காபரோவிலை இருக்கிறன். உங்கட கதையை வாசிக்க எனக்கு ஊர்க் கடல் மணக்குது. மன்னார்த் தீவின்ரை தெற்குக் கரையிலை வாடைக்குக் கடல் படுத்திருக்கும், அதிலை அப்புவோடை நிண்டு கிளங்கன் பிடிச்சனான்.

இங்கை ஒன்ராறியோவிலை நிலைமை வேறை. லைசன்ஸ் எடுக்கோணும். மாகாணத்தை 20 வலயமாப் பிரிச்சு, எந்த வலயத்திலை எந்த மீனை எந்த மாதம் பிடிக்கலாம், எத்தினை வைச்சிருக்கலாம் எண்டு எழுதி வைச்சிருக்கினம். எந்த ஏரியிலை என்ன மீன் எண்டு அரசாங்கமே இணையத்திலை வரைபடம் போட்டிருக்கு. அப்பிடி எல்லாம் இருந்தும், வந்த முதல் வருசம் ஒரு மீனும் படேல்லை. பிறகு பக்கத்திலை நிண்ட ஒரு போர்த்துக்கீசக் கிழவர்தான் என்ரை ஈயத்தைக் கழட்டி, பாதிப் பாரத்திலை ஒண்டு கட்டித் தந்தவர். ரெண்டு பேருக்கும் ஒருத்தற்றை பாசை மற்றவருக்குத் தெரியாது. அண்டைக்குப் பட்டது.

கரையோரச்_செவிலி (ஜனவரி 7, மாலை 5:30)

அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடற்கரை ஊர் என்பதால் மீன் முள் குத்தி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆற்று மீன் பழக்கத்தில் கடல் மீனை வெறுங்கையால் பிடிப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், அதனால் உங்கள் அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள் தம்பி.

ஓரா பார்க்கச் சாதுவாக இருக்கும், முதுகு முள் அத்தனையும் விஷம். கெளிறும் அப்படித்தான். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர், 45 டிகிரிக்கு மேல் போகாமல், முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வையுங்கள். வலி குறையும். அவருக்குச் சர்க்கரை இருந்து காலில் உணர்ச்சி குறைவென்றால் சூட்டை நீங்கள் உங்கள் கையால் பார்த்து வையுங்கள், அவர் சொல்வதை நம்பாதீர்கள். பிறகு கட்டாயம் மருத்துவமனை. கத்தியால் கீறுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம்.

பேத்தை மீன் பட்டால் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். எவ்வளவு வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது.

பவானிக்கரை (ஜனவரி 7, இரவு 10:00)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அம்மா, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்குதுங்க, நல்லவேளை சொன்னீங்க. எல்லாத்தையும் அப்பாகிட்டப் படிச்சுக் காமிச்சேன். கணியம் விஷயத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு. போயிட்டு வந்து எழுதறேன்.

பவானிக்கரை (பிப்ரவரி 3, இரவு 9:15)

போயிட்டு வந்துட்டோமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன்.

போற வழியில ராமநாதபுரத்துல ஒரு வலைக்கடையில நிறுத்தினோம். அப்பா கடைக்காரர்கிட்ட எந்த முள் நல்ல முள்ளுன்னு கேக்கலை, இந்த வாரம் எந்த நம்பர் முள் அதிகமா வித்துதுன்னு கேட்டாரு. அவரு யோசிக்காம 8-ஆம் நம்பர் டப்பாவை எடுத்து வெச்சு, "கிழங்கான் ஓடுது"ன்னாரு. எனக்கு இந்தக் கேள்வி தோணியே இருக்காது. நான் கொண்டு போன முள்ளெல்லாம் பெருசு. ஒரு பாக்கெட் வாங்கிக்கிட்டோம்.

முதல் நாள் கோயில். சாயங்காலம் ராடு இல்லாம தென்கடல் கரையில நடந்தோம். காத்து நீங்க சொன்ன மாதிரியே முதுகுப் பக்கம். ஆலாப் பறவைங்க ஒரே இடத்துல விழுந்து விழுந்து எந்திரிச்சுது. அப்பா அதுக்கு நேரா கரையில ஒரு சாய்ஞ்ச பனையை அடையாளம் வெச்சுக்கிட்டாரு.

ரெண்டாம் நாள் விடியறதுக்கு முன்னாடி படகு வர்ற இடத்துக்குப் போனோம். தெற்குவாடி அண்ணன் அன்னைக்கு வெளியூர் போயிட்டதால பார்க்க முடியலை. அப்பா ஒரு பெரியவர் கூடையில இருந்த மீனோட வாயைப் பார்த்துட்டு, "இது தூண்டில்ல பட்டதுங்களா?"ன்னு கேட்டாரு. அவரு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாரு. "எந்த ஊரு?" "பவானிங்க, காவிரிக்கரை." "அங்க என்ன மீனு?" அவ்வளவுதான், ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசினாங்க. அப்பா எப்படி முள் கட்டறாருன்னு அவரு பார்த்தாரு, அவரு கட்டறதை அப்பா பார்த்தாரு. எங்க போடலாம்னு நாங்க கேக்கவே இல்லை. "சாயங்காலம் நாலு மணிக்கு என் கொட்டகைக்குப் பின்னால வாங்க, இன்னைக்கு அங்க வலை இல்லை"ன்னு அவரே சொன்னாரு. அந்தச் சாய்ஞ்ச பனையில இருந்து இருநூறு அடி கூட இருக்காது அந்த இடம்.

மூங்கில் தூண்டில் எட்டலை. பெரியவர் தண்ணி பாட்டில்ல சுத்தின கைத்தூண்டிலை அப்பா கையில கொடுத்தாரு. நுனியில சின்ன ஈயம், 8-ஆம் நம்பர் முள் ரெண்டு, உரிச்ச இறால் நகத்தளவு. நரம்பை ஆள்காட்டி விரல் மேல போட்டுக்கிட்டு அப்பா நாற்காலியில உக்காந்தாரு. ஆத்துல தக்கையைப் பார்த்தே பழகினவரு, கண்ணை மூடிக்கிட்டு விரலால கேட்டாரு. இருட்டறதுக்குள்ள பதினோரு கிழங்கான். விரல் அளவு இருந்த மூணை விட்டுட்டோம். நான் லூர் போட்டு ஒரு சின்ன ஊளி பிடிச்சேன், அதையும் விட்டுட்டேன். ஒரு பேத்தையும் வந்துச்சு, பந்து மாதிரி ஊதிக்கிட்டு. முள்ளைக் கழட்டித் தண்ணியில விட்டதும் கொஞ்ச நேரம் தலைகீழா மிதந்துட்டு அப்புறம் போயிருச்சு.

மூணாவது நாள் தனுஷ்கோடி. தூண்டிலை எடுக்கவே இல்லை. பூநாரைங்க நூத்துக்கணக்குல நின்னுதுங்க. அப்பா வண்டியில உக்காந்துக்கிட்டே ஒரு மணி நேரம் பார்த்தாரு.

நாலாவது நாள் அதே கொட்டகை, அதே இறால், அதே நேரம். ஒண்ணுமே படலை. ராத்திரி காத்து மாறித் தண்ணி கலங்கிருச்சு. பெரியவர் தண்ணியை ஒரு தடவை பார்த்துட்டு, "இன்னைக்குப் படாது, டீ குடிப்போம்"ன்னாரு. நான் ரெண்டு மணி நேரம் வீசிப் பார்த்துட்டு வந்து உக்காந்தேன்.

கிளம்பறப்போ பணம் கொடுத்தோம், வாங்கலை. ஊருக்கு வந்ததும் அப்பா ஒரு பவானி ஜமக்காளம் எடுத்துப் பார்சல் அனுப்பிட்டாரு. இடம் எதுன்னு நான் இங்க எழுதலைங்க, நெல்லை அண்ணன் மன்னிக்கணும்.

நெல்லை_விரால் (பிப்ரவரி 4, காலை 9:30)

மன்னிக்க என்ன இருக்கு தம்பி. வலைக்கடையில உங்க அப்பா கேட்ட கேள்வியை நான் எழுதி வச்சுக்கிட்டேன். எனக்கு ஆடியிலதான் லீவு. தெற்குவாடி அண்ணாச்சி, அப்பம் வந்தா வடகடல் பக்கமா?

தெற்குவாடி (பிப்ரவரி 4, இரவு 7:45)

பவானித் தம்பி, அந்தப் பெரியவர் எங்க அய்யாவோட கூட்டாளி. ஜமக்காளம் வந்து சேந்துடுச்சு, கொட்டகையில விரிச்சிருக்காரு.

நெல்லைத் தம்பி, ஆமா, ஆடின்னா வடகடல்தான். அங்க தாழை ஜாஸ்தி, தரையில கிடக்கிற ஈயம் நாலு வீச்சுல மூணு வீச்சு சிக்கும். மிதப்பு கட்டி ரெண்டு மூணு அடி ஆழத்துல இரை தொங்குற மாதிரி போடணும், முரல் நல்லா படும். ஆடி அமாவாசைக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒரு வாரம் தள்ளி வாங்க. பஸ்ஸுல ஏறுறதுக்கு முந்தின நாள் இங்க ஒரு வரி போடுங்க, நான் ஊர்ல இருக்கேனான்னு சொல்றேன்.